பார்லி வீதி வெயில்

சேர் நித்தியானந்தன் தன் வாழ்நாளில் முதன்முதலாக விலைக்கு வாங்கிய வெயில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் சமையலறை யன்னலில் விழுந்துகொண்டிருந்தது. அப்போது அவருக்குச் சேர் பட்டம் கிடைத்திருக்கவில்லை, வெறும் நித்தி, கிழக்கு லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு, பகலில் நித்திரை கொள்வதற்குப் பதிலாக ஏல விற்பனைகளுக்குப் போய், வேறு யாரும் கை உயர்த்தாத இருட்டு நிலவறை ஒன்றைத் தன் தலையில் கட்டிக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த இளந்தாரி.

அந்த நாட்டில் ஒரு பழைய சட்டம் இருந்தது. ஒரு யன்னல் இருபது வருடம் வெயில் குடித்திருந்தால் அந்த வெயில் யன்னலுக்குப் பின்னால் வாழ்கிறவருக்குச் சொந்தம், அதை மறைத்து எவனும் சுவர் எழுப்ப முடியாது, எழுப்பியே தீரவேண்டுமென்றால் சொந்தக்காரரிடம் போய் இருந்து, கதைத்து, குழைந்து, அந்த உரிமையை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாக் கட்டடக்காரரும் அப்படித்தான் வாங்கினார்கள், வாங்கிய பிறகு சுவரைக் கட்டினார்கள், வெயில் சுவரில் முட்டி நின்றுவிட்டது. நிலவறைக்கு மேலே மாடி எழுப்பலாமென்று நித்தி வாங்கியபோது மட்டும் வேறொன்று நடந்தது. திருமதி பிரிச்சட் என்ற அந்தக் கிழவி கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடியதும் அவளுடைய சமையலறை பட்டப்பகலில் இருண்டது. அதே கணத்தில் தெருவுக்கு அந்தப் பக்கம், யன்னலே இல்லாத நித்தியின் நிலவறைத் தரையில், மஞ்சள் வெயில் சதுரமாக விழுந்து கிடந்தது, சதுரத்தின் நடுவில் கிழவியின் பூனையுடைய நிழல் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

கிழவி எழும்பிப்போய் மின்விளக்கைப் போட்டாள். திரைச்சீலை இனி வெளிறாது என்று சொன்னாள். நித்தி அதிசயப்படவில்லை, அதிசயப்படுவதற்கு நேரமுள்ளவர்கள் பணக்காரர் ஆவதில்லை. அடுத்த கிழமையே அந்த நிலவறையை, பூனை நிழலோடு சேர்த்து, ஒரு ஓவியனுக்கு விற்றான்.

மேற்கு லண்டனின் பெரிய மனிதர்கள் அந்த நாட்களில் பூமிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். பழைய வீடுகளை உயர்த்திக் கட்ட நகரசபை விடாது என்பதால் கீழே தோண்டி, நீச்சல் தடாகம், நடன மண்டபம், கார் நிறுத்தும் கொட்டகை என்று அடுக்கடுக்காய் இறக்கினார்கள், எல்லாம் இருந்தும் அங்கே வெயில் மட்டும் இல்லை. நித்தி அவர்களுக்கு வெயில் கொண்டுவந்து கொடுத்தான். எங்கிருந்து கொண்டுவருவது என்பதில் அவனுக்கு ஒரு நாளும் குழப்பம் இருந்ததில்லை, ஏனென்றால் அவனுக்குத் தன் சனத்தைத் தெரியும்.

வெயிலுக்குப் பயந்து குடை பிடித்தும், ஓலைக் கிடுகு இறக்கியும், பெண் பிள்ளைகளை மத்தியானத்தில் வெளியே விடாமலும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த சனம், கிழக்கு லண்டனின் பார்லி வீதிக்கு வந்து இரண்டு பக்கமும் வரிசையாக வீடு வாங்கிக் குடியேறியிருந்தது. வெயில் என்பது அவர்களுக்கு ஓசியில் கிடைத்து, வேண்டாமென்று தள்ளிப் பழகிய சாமான். அதை ஒருவன் காசு கொடுத்து வாங்க வந்திருக்கிறான் என்றதும் வீதி முழுக்கச் சிரிப்பு.

"வாரும் தம்பி, இரும்," என்றார் எட்டாம் இலக்க வீட்டுச் செல்லத்துரை, தேநீரும் பருத்தித்துறை வடையும் வைத்து. "இந்த நாட்டிலை வருசத்துக்கு நாலு நாள்தான் வெயில். அதையும் கொண்டுபோறீரோ?"

"ஓம் அண்ணை."

"மழையையும் சேத்துக் கொண்டுபோனா இன்னும் குறைச்சுத் தரலாம்."

இந்தப் பகிடியைச் சொல்லிச் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்து, வீடு வீடாக விற்றார்கள். பிரிச்சட் கிழவியைப் போல ஒன்றிரண்டு பேர் தவிர வெள்ளைக்காரன் விற்றிருக்கமாட்டான், அவனுக்கு வெயிலின் அருமை தெரியும். சட்டையைக் கழற்றிப்போட்டுப் புல்லில் படுக்கிறவன் அவன். விற்றது நம்மவர்கள். நித்திக்கு அது தெரிந்திருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதைக்கு நியாயமில்லை.

பார்லி வீதியின் அறைகள் ஒவ்வொன்றாக இருண்டன. வெளியே, நடைபாதையில், வெயில் எப்போதும்போல அடித்தது. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் இருட்டு. முதல் மாதம் சனம் முட்டுப்பட்டு விழுந்தது, இரண்டாம் மாதம் எது எங்கே இருக்கிறதென்று கைக்குப் பழகிவிட்டது, அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைப்பதே நின்றுபோனது. பகலெல்லாம் மின்விளக்கு எரிந்தது. பிள்ளைகளின் கால் எலும்பு வளையத் தொடங்கியபோது வைத்தியர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், பலசரக்குக் கடைக்காரர் அதை முறுக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அடுக்கி விற்றார். தைப்பொங்கலன்று, நடக்கமாட்டாத கிழடுகளை உள்ளே விட்டுவிட்டு, வீதியே பானையும் அடுப்புமாகச் சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்துக்கு இடம்பெயர்ந்தது, ஐயர் அங்கே வண்டிகளுக்கு நடுவில் நின்று சூரியனுக்குத் தீபம் காட்டினார். நகரசபையிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வெளிச்சம் அளக்கும் கருவியோடு வந்து, நண்பகலில் முள் அசையாததைப் பார்த்துவிட்டு, கருவி பழுது என்று முடிவு கட்டிக்கொண்டு போனார்.

நன்மையும் இல்லாமலில்லை. பார்லி வீதிப் பெண்கள் வெளிறி வெளிறி ஒருவித மெழுகு நிறத்துக்கு வந்தார்கள், அதைக் கண்டு கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் மாப்பிள்ளை வீட்டார் தேடி வந்தார்கள், தரகர்கள் "பார்லி வீதிப் பொம்பிளை" என்று சொன்னாலே நிறத்தைப் பற்றி வேறு விசாரணை இல்லை. இரவு வேலைக்காரர்கள் பகலில் நித்திரை கொள்ள அந்த வீதியில் அறை கேட்டு நின்றார்கள், வாடகை ஏறியது. விற்காத மூன்று நான்கு வீட்டுக்காரர் தாங்கள்தான் ஏமாந்துவிட்டோமென்று மனம் நொந்து, தாங்களாகவே நித்தியைத் தேடிப்போய் விற்றார்கள்.

மேற்கே பூமிக்கடியில் வேறு விதமான கரைச்சல் தொடங்கியிருந்தது. வெயிலோடு நிழலும் போனது. நீச்சல் தடாகத்தின் நீல ஓடுகளில் யாரோ ஒரு பெண் தேங்காய் துருவுகிற நிழல் விழுந்தது, நடன மண்டபத்தின் சுவரில் ஒரு தகப்பன் பிள்ளைக்கு அடிக்கிற நிழல் போனது. முதலில் அதை விருந்தாளிகளுக்குக் காட்டி மகிழ்ந்தவர்கள் பிறகு அலுத்துப்போய் முறைப்பாடு செய்தார்கள். நித்தி ஆளனுப்பி, பார்லி வீதியின் ஒவ்வொரு அறையிலும் யன்னலுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு ஒட்டுவித்தான். பகலில் கோட்டைத் தாண்டி யன்னலுக்குக் கிட்டப் போகக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. சனம் அதற்கும் பழகியது. தவழுகிற குழந்தைக்கு அடுப்புக்குக் கிட்டப் போகாதே என்று சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே கோட்டுக்குக் கிட்டப் போகாதே என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

வீடமைப்புத் துறைக்கு ஆற்றிய சேவைக்காக நித்தியை அரண்மனைக்குக் கூப்பிட்டு முழங்காலில் நிற்கவைத்துத் தோளில் வாளால் தொட்டார்கள். அன்றிலிருந்து அவன், அவர் ஆனார். அந்த வருடமே சேர் நித்தியானந்தன் பார்லி வீதியின் முனையில் நாற்பது மாடிக் கோபுரம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். அதன் ஒவ்வொரு மாடிக்கும், கீழேயுள்ள ஒவ்வொரு வீட்டிலும் மேற்குக்கு அனுப்பாமல் மிச்சம் வைத்திருந்த வெயிலையெல்லாம் ஏற்றினார். மழைக்காலத்தின் நடுவிலும் அறைகளின் நான்கு பக்கமும், வடக்குச் சுவர் உட்பட, வெயில் நிற்கும் என்று விளம்பரம் செய்தார். கட்டடம் நிற்கும்வரை வெயில் நிற்கும், ஒரு மாடி இருண்டாலும் அத்தனை பேரும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்து, எல்லா மாடிகளையும் விற்றும் முடித்தார். ஒரே ஒரு குறை. உச்சி மாடிக்கு வெயில் போதவில்லை. பார்லி வீதியில் விற்காத யன்னல் இன்னும் ஒன்றுதான் மிச்சமிருந்தது, அது அவருடைய சொந்த அக்கா இராசமலரின் சமையலறை யன்னல்.

நித்தியை லண்டனுக்குக் கூப்பிட்டது இராசமலர்தான். புருஷன் செத்து, பிள்ளையில்லாமல், விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்கிற தொழிற்சாலையில் நின்று உழைத்துத் தம்பிக்குச் சமைத்துப் போட்டாள். இருவர் பெயரிலும் வாங்கிய அந்த வீட்டில் கலியாணம் கட்டாத தம்பி இருபத்துச் சொச்சம் வருடம் அவளோடுதான் இருந்தார். இப்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை தேய்ந்துபோய்விட்டது. மின்விளக்கு அவளுக்குப் புகை மாதிரி. கிழக்கு யன்னலால் காலை வெயில் நேராக விழுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் அவளுக்கு உலகம் தெரிந்தது. அரிசியில் கல் பொறுக்குவதும், வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பதும், தேவாரம் வாசிப்பதும் எல்லாம் அதற்குள்தான். அது போனால் கண் போனது.

சேருக்கு இது தெரியாமலில்லை. கண் வைத்தியரிடம் அவளைக் கூட்டிப்போனதே அவர்தான். தெரிந்துகொண்டுதான் ஒரு காலையில் வந்து, அவள் முன்னால் சின்னப் பிள்ளைபோல் நிலத்தில் குந்தினார்.

"அக்கா, ஒரு மாசத்துக்கு இரவல் தாங்கோ. திறப்பு விழா முடியட்டும், திருப்பித் தாறன்."

இராசமலர் வெயிலில் அவருடைய முகத்தைத் தன் இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள்.

"எனக்கு இதிலைதான் கண் தெரியுது எண்டு உனக்குத் தெரியுந்தானே தம்பி?"

"தெரியும் அக்கா. ஒரு மாசந்தான்."

"நீ கேட்டால் நான் என்னண்டு மாட்டனெண்டு சொல்லுறது? கொண்டுபோ. ஆனா திருப்பித் தந்திடு."

அவர் தருவதாகத் தலையை ஆட்டினார். அப்போதே பொய் என்று அவருக்குத் தெரியும். சமையலறை இருண்டது, அங்கேயும் தரையில் மஞ்சள் கோடு ஒட்டினார்கள், உச்சி மாடி வெயிலில் குளித்தது, திறப்பு விழாவில் வெள்ளி வாளியில் சம்பேன் வைத்தார்கள், ஒரு மாதம் போனது, ஒரு வருடமும் போனது.

உச்சி மாடியை வாங்கியவள் திருமதி ஹார்க்னஸ். வெள்ளை மட்டுமே பிடிக்கும் அவளுக்கு. வெள்ளைத் தரை, வெள்ளைக் கட்டில், ஒரு ஆணிகூட அடிக்காத வெள்ளைச் சுவர். அந்தச் சுவரில் காலை தோறும் ஒரு கிழவியின் நிழல் வந்தது. நின்று சமைக்கிற நிழலென்றாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள், இது கைகளை முன்னே நீட்டித் தடவித் தடவிப் போகிற நிழல். சுவர் நீளத்துக்கும் தடவி, கட்டிலில் படுத்திருக்கிற திருமதி ஹார்க்னஸின் தலைமாட்டுக்கு வந்து, அவளுடைய முகத்திலும் கழுத்திலும் விரல்களை வைத்துத் தேடிவிட்டுப் போனது. அவள் கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு சேரை நேரில் வரச்சொல்லி அந்த நிழலைக் காட்டினாள்.

சேருக்கு அக்காவின் விரல்களைத் தெரிந்தது. வெட்கம் வந்திருக்கவேண்டும், வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"கோட்டைத் தாண்டக்கூடாதெண்டு சொன்னதெல்லே?" என்று இருட்டுச் சமையலறையில் நின்று கத்தினார்.

"எந்தக் கோடு?" என்றாள் இராசமலர். குரல் வந்த பக்கத்துக்குக் கொஞ்சம் விலகி, வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "தேத்தண்ணிக் கேத்தில் எங்கை வைச்சனான் எண்டு தெரியேல்லையடா. அதைத்தான் தேடுறன். தம்பி, அங்கை மேலை இப்ப நல்லா வெயில் விழுதோ?"

"விழுது."

"ஒரு நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. ஒரு அரை மணித்தியாலம் இருந்திட்டு வாறன். கையைப் பாக்கவேணும். என்ரை கை எப்பிடி இருக்கெண்டு மறந்துபோச்சு."

"அது வேறை ஆக்களின்ரை வீடு அக்கா," என்றார் சேர். அது உண்மையாக இருந்ததால் அவருக்குச் சொல்ல இலகுவாக இருந்தது.

யன்னலை அடைத்தால் வெயிலும் போய்விடும். யன்னல் வேண்டும், அக்கா வேண்டாம். தூரத்தில் கடற்கரைப் பட்டணம் ஒன்றில் முதியோர் இல்லம் பார்த்து, அதிலும் வடக்குப் பார்த்த அறைகள் மலிவென்று அறிந்து அவற்றில் ஒன்றை எடுத்து, அவளைக் காரில் ஏற்றி அனுப்பினார். கண் தெரியாதவளுக்கு எந்தத் திசையானால் என்ன என்று நினைத்தார். கார் புறப்படும்போது பக்கத்து வீட்டுப் பரிமளம் ஒரு பொதியில் புட்டுக் கட்டிக் கொடுத்தாள், வீதியில் மற்றவர்கள் கதவிடுக்கால் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் விற்றவர்கள்தான், என்னவென்று கேட்பது?

மறுநாள் காலை உச்சி மாடி இருண்டு கிடந்தது.

சேருடைய வழக்கறிஞர் பழைய சட்டத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துப் பார்த்தார். யன்னலுக்குப் பின்னால் இருபது வருடம் வாழ்ந்தவர் யாராவது ஒருவர் பகலில் அங்கே இருக்கும்வரைதான் வெயில் உண்டு, வீடு வெறுமையானால், அப்படி ஒருவர் திரும்பி வந்து இருக்கும்வரை உரிமை செத்துக் கிடக்கும். பார்லி வீதியில் எந்த வீடும் ஒரு நாளும் வெறுமையானதில்லை, தாய் போனால் மகள், மகள் போனால் மருமகன் என்று எவராவது பழையவர் ஒருவர் எப்போதும் உள்ளே கிடப்பார், ஆகையால் சட்டத்தின் இந்த வால் யாருடைய கண்ணிலும் பட்டிருக்கவில்லை. திருமதி ஹார்க்னஸ் ஒரு வாரம் தவணை கொடுத்தாள். அவள் முறித்தால் நாற்பது மாடியும் முறியும்.

சேர் தானே கார் ஓட்டிக்கொண்டு கடற்கரைப் பட்டணத்துக்குப் போனார். இராசமலர் வடக்கு அறையில், கட்டில் விளிம்பில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். காலடிச் சத்தத்திலேயே அவரைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"வெளிக்கிடுங்கோ அக்கா, வீட்டை போவம்," என்றார். "நீங்கள் சும்மா அந்தக் கதிரையிலை இருந்தாக் காணும். எல்லாத்துக்கும் ஆள் வைக்கிறன்."

"வெயில் நிண்டுபோச்சுதாக்கும்."

அவள் சிரித்தாள், சந்தோஷமாகவே சிரித்தாள்.

"இஞ்சை வந்து பார்த்த டொக்டர் என்ன சொன்னவர் தெரியுமோ? இவ்வளவு நாளும் இருட்டுக்குள்ளை இருந்ததாலை மிச்சமிருந்ததும் போச்சாம். இனி வெயிலிலை கொண்டுபோய் விட்டாலும் தெரியாதாம். எனக்கு அந்த யன்னலாலை இனி ஒரு அலுவலும் இல்லை."

"அக்கா, நான் அழிஞ்சுபோவன்."

"ஏன் அழியுறாய்? அந்த யன்னலுக்குப் பின்னாலை இருந்த ஆள் நான் மட்டுமோ? இருபது வருசத்துக்கு மேலை நீயும் இருந்தனிதானே. நீ போய் இரு. உனக்குக் கண் நல்லாத் தெரியுதுதானே."

அதற்குப் பிறகு அவர் எவ்வளவு கெஞ்சியும் அவள் கட்டில் விளிம்பை விட்டு எழும்பவில்லை.

சேர் நித்தியானந்தன் பார்லி வீதிக்குத் திரும்பிப்போய், சமையலறையில், அக்காவின் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மேலே உச்சி மாடியில் வெயில் வந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். சூரியன் எழும்புவதற்கு முன்பே வந்து இருக்கவேண்டும், விழுந்த பிறகுதான் எழும்பலாம். கோடையில் அது முழு நாளும்தான். ஒரு தடவை, கூட்டம் ஒன்றுக்கென்று பகலில் வெளியே காலெடுத்து வைத்தார், பாதி வழியில் தொலைபேசி அலறியது, ஓடிவந்துவிட்டார்.

வீதி இதற்கும் பழகியது. பரிமளம் மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து, "கோட்டுக்கு இந்தப் பக்கம் வைச்சிருக்கிறன் சேர்," என்று சொல்லிவிட்டுப் போனாள். செல்லத்துரை வந்து எதிரே இருந்து ஊர்க்கதை கதைத்தார், பழக்கத்தில் மழைப் பகிடியையும் சொன்னார், தான் மட்டும் சிரித்தார். சேர் அவர்களிடம் எரிந்து விழுந்தார், பிறகு அழுதார், பிறகு அவர்கள் வராத நாட்களில் ஏன் வரவில்லை என்று ஏங்கினார். யாரும் அவருக்கு இரங்கினார்கள் என்று சொல்லமுடியாது. தங்களுக்கென்றே யாரும் இரங்காத வீதி அது.

மூன்றாம் வருடம் மின்விளக்கைச் சுற்றிப் புகை தெரியத் தொடங்கியது. சாப்பாட்டுக் கோப்பையின் நடுவில் ஒரு பள்ளம், கதைக்கிறவரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். அக்காவைப் பார்த்த அதே கண் வைத்தியர் ஒரு மாலையில் அந்த வீட்டுக்கே வந்து பார்த்து, இது குடும்பத்தில் ஓடுகிற வருத்தம், மருந்தில்லை, காலை வெயில் நேராக விழுகிற யன்னலோரமாக இருந்தால் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கலாம் என்றார்.

அந்த மாரிக்காலம் முழுக்கத் திருமதி ஹார்க்னஸின் வெள்ளைச் சுவரில் ஒரு ஆண் நிழல் தடவித் திரிந்தது. அவள் கம்பனிக்கு முறைப்பாடு எழுதினாள். கம்பனி இப்போது கெட்டிக்கார இளம் ஆட்களின் கையில் இருந்தது. சேர் ஒரு காலத்தில் தானே பொறுக்கியெடுத்து, இரக்கப்படுகிறவனை வேலைக்கு வைக்காதே என்று சொல்லிப் பழக்கிய ஆட்கள். அவரை வெளியே எடுத்தால் வெயில் போகும், உள்ளே விட்டால் நிழல் மேலே போகும் என்பதை அவர்கள் கூடிக் கதைத்து, இரண்டு பேரை அனுப்பினார்கள்.

"யாரது?" என்றார் சேர்.

"கம்பனியிலிருந்து வந்திருக்கிறோம் சேர். ஒரு நிமிடம், கொஞ்சம் பின்னுக்குச் சாயுங்கள்."

அவர்கள் மிகுந்த மரியாதையோடு கதிரையைத் தூக்கிக் கோட்டுக்கு வெகு தூரம் பின்னால், குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து, மெத்தென்ற அகலப் பட்டிகளால் அவருடைய மார்பையும் இரண்டு கைகளையும் கதிரையோடு கட்டினார்கள், இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார்கள், ஒரு பட்டியைச் சற்றுத் தளர்த்தியும் விட்டார்கள். விடிய முன் வந்து கட்டவும், இருட்டிய பின் வந்து அவிழ்க்கவும் ஆள் ஒழுங்கு செய்தார்கள். சேர் அக்காவைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் பரிமளம் வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

அன்று பின்னேரம் திருமதி ஹார்க்னஸ் கம்பனிக்கு நன்றி சொல்லி அனுப்பினாள். சுவர் இப்போது மிகவும் நன்றாக இருக்கிறதாம்.